சம்சாரமும் ஒலிபெருக்கியும்

என் சம்சாரத்துக்குச் சங்கீதத்தில் நாட்டம் இல்லை என்று சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வாசகர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நான் ஆலாபனை கேட்க உட்கார்ந்தேனானால் அவள் முருங்கைக்கீரையும் முறமுமாகக் கொல்லைப்புறம் போய்விடுவாள் என்றும், ராகத்தைவிடக் கீரை உருவுவதில்தான் அவளுக்கு லயம் அதிகம் என்றும் எழுதி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. அவளும் அதைப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். தப்பு என்று எனக்குத் தெரிய வைத்தது ஒரு ஜோடி ஒலிபெருக்கி.

வங்கி உத்தியோகம் முடிந்து அரியலூரிலேயே தங்கிவிட்டவன் நான். 1994-ல் கட்டிய வீடு. கூடம் பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், பத்தடி உயரம். மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சிமெண்டுப் பூச்சு, கீழே முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். அரியலூரில் சிமெண்டுக்கு என்ன பஞ்சம்? ஊரைச் சுற்றிலும் ஆலைகள். சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் போகின்றன. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததாம். அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும்தான் கல்லாகி, பொடியாகி, சூளையில் வெந்து, என் வீட்டுச் சுவராக நிற்கின்றன. கட்டினபோது இதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

நாவல் ஒன்று மறுபதிப்பு வந்து கொஞ்சம் பணம் கைக்கு வந்தது. பேரன் பேத்திகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தபின், மிச்சத்துக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கி வாங்குவது என்று தீர்மானித்தேன். 'ஹை-ஃபை' என்கிறார்களே, அது 'ஹை ஃபிடிலிட்டி' என்பதன் சுருக்கம். விசுவாசம் என்று பொருள். பாடினவர் பாடினதைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்கிறவர் காதில் கொண்டு சேர்ப்பதுதான் அந்த விசுவாசம்.

இதற்கு முன் வீட்டில் இருந்தது ஒரு 'மியூஸிக் ஸிஸ்டம்'. அதன் நெற்றியில் 'பி.எம்.பி.ஓ. 3000 வாட்ஸ்' என்று எழுதியிருந்தது. உண்மையில் 3000 வாட்டு இழுத்திருந்தால் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, மாவரைக்கும் யந்திரம் மூன்றும் சேர்ந்து ஓடுகிற மாதிரி மின்சார மீட்டர் சுழன்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், பெட்டி மொத்தமே எடுத்துக்கொள்வது 40 வாட்டு என்று போட்டிருந்தது. இந்தப் பி.எம்.பி.ஓ. என்பதற்கு யாரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் கிடையாது. அவரவர் மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே, ஒலிபெருக்கி வாங்கப் போகிறவர்கள் வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வாட்டு கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி வருகிறது என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டுப் பெட்டிகளில் அது 85-லிருந்து 90 வரை இருக்கும். மூன்று டெசிபெல் கூட்ட வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமானால் சுமார் பத்து மடங்கு ஆக்க வேண்டும். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில்தான் தெரியும், காதில் தெரியாது.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டுதான் சென்னைக்குப் போனேன். கடையில் ஏழெட்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஒரு ஜோடியில் கஞ்சிராவின் ஜிங்கிலி பளிச்சென்று கேட்டது; பாடகரின் 'ஸ' எழுத்து ஒவ்வொன்றும் ஊசி குத்தின மாதிரி தெளிவாக இருந்தது. மற்றவையெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போலிருந்தன. விலை கொஞ்சம் அதிகம். ஆனாலும் சுருதி சுத்தம் தெரிந்தவன் அல்லவா நான்? யோசிக்காமல் அதையே வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. அவர் "வீட்டு ரூம் எப்படி சார்?" என்றுகூடக் கேட்டார். "அருமையான ரூம்" என்று பதில் சொன்னவன் நான்.

பெட்டிகளை இரும்பு பீரோவின் மேல் ஒன்றும், மூலையில் முக்காலியின் மேல் ஒன்றுமாக வைத்தேன். எம்.டி. ராமநாதனைப் போட்டேன். அவர் 1984-ல் மறைந்துவிட்டார். அந்த மந்தர ஸ்தாயிக் குரலுக்கு இன்றுவரை ஜோடி கிடையாது. ஒலிபெருக்கியின் அடிச் சத்தத்தைச் சோதிக்க அவரைவிடச் சிறந்த பரீட்சை இல்லை என்பது என் அபிப்பிராயம். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மிருதங்கக்காரர் தொப்பியில் ஒரு கும்கி கொடுக்கும்போதெல்லாம் பீரோவின் கண்ணாடி 'கிர்ர்' என்று கூடச் சேர்ந்து வாசித்தது. மேலே வயலின் மட்டும் தனியே கீச்சென்று நின்றது. கடையில் கேட்ட தேவகானம் வழியில் எந்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டது என்று தெரியவில்லை. என் சம்சாரம் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. கம்பியை மாற்றினேன். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரிலிருந்து மைத்துனர் பையன் வந்திருந்தான். அவன் அங்கே 'சவுண்டு சர்வீஸ்' வைத்திருக்கிறான். கேட்டுவிட்டு, "பாக்ஸு நல்ல பாக்ஸுதான் மாமா, ஆனா..." என்று இழுத்தான். அப்போது சமையலறையிலிருந்து என் சம்சாரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்று, பளாரென்று ஒரு தடவை கை தட்டினாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சுவரு பேசுதுடா, கேட்டியா?" என்றாள் அவனிடம்.

"ஆமா அத்தை" என்றான் அவன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை கேட்ட வார்த்தை. என் மாமனார் வார்த்தை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லத்தான் வேண்டும். என் மாமனார் பெரம்பலூரில் மைக் செட் வைத்திருந்தார். காது குத்தல், கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர்தான். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டோடு ஆரம்பிப்பார். வால்வு ஆம்ப்ளிஃபயர், கார் பாட்டரி, நாலு குழாய். குழாய் என்றால் அந்தக் கூம்பு ஒலிபெருக்கிதான். பட்டணத்துக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதன் சூட்சுமம் பெரிது. வீட்டுப் பெட்டி 100 வாட்டு சாப்பிட்டுவிட்டுப் போடுகிற சத்தத்தைக் கூம்பு ஒரே வாட்டில் போட்டுவிடும். அடிச் சத்தமும் கிடையாது, உச்சியும் கிடையாது. நடுவே மனுஷக் குரலுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, பருத்திக் காட்டையும் சோளக் கொல்லையையும் தாண்டி அடுத்த ஊருக்குக் கொண்டு போய்விடும். வயல் வெளிக்கு அது விசுவாசமான கருவி. வீட்டுக்குள் வைத்தால்தான் பிசாசு.

1985-ல் எனக்குக் கல்யாணம். பெண் பார்த்து நிச்சயம் பண்ணுகிறபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கல்யாணத்தில் குழாய் கட்டக் கூடாது, நாகஸ்வரம் மட்டும் போதும் என்றேன். நான் கதை எழுதுகிறவன், ரசிகன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாமனார் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்பிள்ளை இஷ்டம்" என்றார். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவர் வீட்டுக் கல்யாணம் சத்தமில்லாமல் நடந்தது. தெருவில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என் சம்சாரம் இன்றைக்கு வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் ஒரு மண்டபத்துக்குப் போனால் முதலில் கை தட்டுவாராம். சுவர் பதில் சொல்கிறதா என்று கேட்பார். பேசினால், குழாயைச் சுவரைப் பார்க்க விடாமல் ஜனங்களைப் பார்த்துச் சாய்ப்பார். ஜமக்காளத்தைத் தொங்கவிடச் சொல்வார். "பாட்டு ஒண்ணுதான். அது ஒருதரம் கேட்டாப் போதும். சுவரு நாலுதரம் சொன்னா யாருக்குப் புரியும்?" என்பது அவர் சித்தாந்தம். ஸ்கூல் விடுமுறைகளில் அவர் கூடவே போய் ரிக்கார்டு மாற்றிப் போட்ட பெண் என் சம்சாரம். இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். நான் கேட்டதில்லை.

மாமனார் கை தட்டிக் கண்டதை அமெரிக்காவில் வாலஸ் ஸபைன் என்ற வாத்தியார் கணக்காகவே போட்டிருக்கிறார். 1895-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் புதிதாகக் கட்டிய ஒரு பிரசங்க மண்டபத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை; ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஸபைன் பக்கத்திலிருந்த நாடகக் கொட்டகையின் ஆசன மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, அது அடங்குகிற நேரத்தை அளந்து பார்த்தாராம். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்! அதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைத்தது. அறையின் கன அளவையும், சுவரும் தரையும் எவ்வளவு சத்தத்தை விழுங்கும் என்பதையும் போட்டால், எதிரொலி எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்லிவிடலாம். என் கூடத்தைக் காலியாக வைத்துக் கணக்குப் பார்த்தேன். மூன்று விநாடிக்கு மேல் வந்தது. சாமான்கள் இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவுதான். ஆனாலும் பாட்டுக் கேட்கிற அறைக்கு அரை விநாடியே தாராளம்.

பெரம்பலூரில் மாமனார் வீடு ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே மூங்கில், மண் சுவர், தாழ்வாரத்தில் எந்த நாளும் பருத்தி மூட்டையோ சின்ன வெங்காய மூட்டையோ அடுக்கியிருக்கும். அந்த ஊருக்கு ரயிலும் இல்லை. திருச்சி வானொலியை அங்கே கேட்டு வளர்ந்தவள், என் சிமெண்டுப் பெட்டிக்குள் வந்து இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள்.

அன்று மத்தியானமே வேலை ஆரம்பித்தது. பீரோ படுக்கையறைக்குப் போயிற்று. பரணிலிருந்த இலவம் பஞ்சு மெத்தை இறங்கி ஒரு துணியுறை போட்டுக்கொண்டு பின் சுவரோரம் நின்றது. பவானி ஜமக்காளம் தரைக்கு, கனத்த திரை ஜன்னலுக்கு. பெட்டிகள் மூலையை விட்டு இரண்டடி முன்னே வந்து, காது உயரத்துக்கு முக்காலிகள் மேல் ஏறின. மூலையில் வைத்தால் அடிச் சத்தம் வீங்கும் என்பதும், என் பதினாறு அடி அறை 35 ஹெர்ட்ஸிலும், பத்தடி உயரம் 56 ஹெர்ட்ஸிலும் தானே குமுறும் என்பதும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. இதற்கெல்லாம் ஆன செலவு திரைக்கு மட்டும்தான். ராமநாதன் கிணற்றிலிருந்து ஏறி வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எப்படி?" என்று கேட்டேன் பெருமையாக.

"தேவலைங்க. ஆனா மேல அந்தக் கீச்சு போகலை. காதுல ஊசி போட்டாப்ல இருக்கு. எப்பவுமே இப்படித்தான் வாங்குவீங்க" என்றாள்.

"எப்பவுமேவா?"

"அந்த டேப் ரிக்கார்டர், அப்புறம் அந்தப் பெரிய பெட்டி, எல்லாத்துலயும் அந்தத் திருகாணியைக் கடைசி வரைக்கும் திருகி வச்சிருவீங்களே. எனக்குத் தலைவலி வந்துரும்."

மைத்துனர் பையன் சும்மா இருக்காமல் கைப்பேசியை எடுத்தான். அதில் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். எண் ஏற ஏற உச்சத்துக்குப் போகும். கேட்கிறவரை கையைத் தூக்கியிருக்க வேண்டும். அவன் 15,000 ஹெர்ட்ஸ் வரை கையைத் தூக்கியிருந்தான். என் சம்சாரம் 11,000-க்குச் சற்று மேலே இறக்கினாள். நான் கையை இறக்கின இடம் 5,000. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

திருச்சியில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய் அப்புறம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயசானால் உச்ச ஸ்தாயிதான் முதலில் போகும். எனக்கு வயசுக்கு முன்பே ஆரம்பித்து, இருபது வருஷமாவது ஆகியிருக்கும் என்றார். அப்படியானால் அந்தக் கட்டுரை எழுதினபோதே என் காது பாதி மூடியிருக்கிறது. எனக்குத் 'தெளிவு' என்று பட்டதெல்லாம் மற்றவர் காதைக் கிழிக்கிற கூர்மை. அவள் சங்கீதத்துக்குப் பயந்து கொல்லைக்குப் போகவில்லை, என் சங்கீதத்துக்குப் பயந்து போயிருக்கிறாள். வரும் வழியில் பஸ்ஸில் நான் ஒன்றும் பேசவில்லை. "ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன். "நீங்க ஆசையா உக்காந்திருப்பீங்க" என்றாள்.

சென்னைப் பெட்டிகளை மைத்துனர் பையன் ஒரு சிநேகிதனுக்கு நல்ல விலைக்கே தள்ளிவிட்டு, அடுத்த வாரம் தன் வண்டியில் மூன்று ஜோடிகளை இரவலாகக் கொண்டு வந்தான். இந்தத் தடவை சரியான முறையில் பரீட்சை செய்வது என்று முடிவு. கனடாவில் ஃபிளாய்ட் டூல் என்று ஒரு விஞ்ஞானி. தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்துகொண்டு, ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து மனுஷர்களைக் கேட்கச் சொன்னவர். பெயரும் விலையும் பெட்டியின் பருமனும் கண்ணில் பட்டால் காது அதற்குத் தக்கபடி பொய் சொல்கிறது என்று கண்டார். 1980-களில் அவர் வெளியிட்ட இன்னொரு முடிவு என்னைக் குத்தியது. கேள்விக் குறை உள்ளவர்கள் ஒரே பெட்டியை இன்று நன்று என்பார்கள், நாளை மோசம் என்பார்களாம்.

பழைய புடவையைக் குறுக்கே கட்டினோம். மூன்று ஜோடியும் ஒரே அளவு சத்தம் போடும்படி அவன் கைப்பேசியில் அளந்து சரி பண்ணினான். இது முக்கியம், ஒரு மயிரிழை உரக்கப் பாடினாலும் அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ராமநாதன், ஒரு புல்லாங்குழல், அப்புறம் தம்பூரா மட்டும் ஐந்து நிமிஷம். ஐந்து சுற்று நடந்தது, வரிசையை ஒவ்வொரு தடவையும் மாற்றி. நான் முதலில் முதல் ஜோடி என்றேன், அப்புறம் மூன்றாவது, அப்புறம் இரண்டாவது, மறுபடி மூன்றாவது. டூல் சொன்ன ஆசாமி நான்தான். அவள் ஐந்து தடவையும் ஒரே ஜோடியைத்தான் காட்டினாள்.

புடவையை விலக்கினால், மூன்றிலும் சிறியது அது. ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், மூடின பெட்டி. பழைய காலத்தில் அடிச் சத்தம் வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டும் என்றிருந்தார்கள். 1954-ல் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர் சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே இருக்கிற காற்றையே ஸ்பிரிங்காக வைத்து அதைச் சாதித்தார். இது அந்த வம்சம். விலை நடுத்தரம். "அத்தை, இது கொஞ்சம் மந்தமா இல்லே?" என்று பையன் கேட்டதற்கு, "மந்தம் இல்லடா. பாட்டுக்கு மேல அது எதுவும் பேசலை" என்றாள். மாமனாருக்குக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் கட்டின குழாய்களில் ஒன்று இன்னும் பெரம்பலூர்ப் பரணில் இருக்கிறது. பையனிடம் அதை எடுத்துத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேத்திக்கு வருகிற தையில் காது குத்தல். விதிப்படி காலை ஆறு மணிக்கு முன் போடக் கூடாது என்று அவன் சொன்னான். ஆறு மணிக்கே போடட்டும்.

எனக்குக் காதுக் கருவி வந்திருக்கிறது. பேச்சுக்கு உதவுகிறது, பாட்டுக்கு அவ்வளவு சிலாக்கியமில்லை. கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். திருகாணி இப்போது அவள் பொறுப்பு.

நேற்று ராத்திரி தம்பூராவைத் தனியே போடச் சொன்னாள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு சின்ன நூல் வைப்பார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். அந்த நூலால்தான் தம்பூரா வெறும் 'டொய்ங்' என்று நிற்காமல், தேனடை மாதிரி மேலே மேலே கிளம்பும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு 'டொய்ங்' மட்டும் வந்தது.

"ஜீவா கேக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"நல்லா பிடிச்சிருக்கு. மேல ஒரு காந்தாரம் தானா வருது பாருங்க" என்று சொல்லி, மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அது வருகிற இடத்திலெல்லாம் என் முழங்கையில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.